அக்கா சொன்ன தூரம்

லண்டனிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது என் அக்காவுக்குத் தெரியும். அந்த நாளில் மாரிகுப்பத்தில் அது சரியாகத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவளுக்கு அது மறக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். தெரிந்துகொண்டே அவள் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை. அவளும் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் அப்பாவுக்கு சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. வீட்டில் அம்மா, அக்கா, நான். அக்காவுக்கும் எனக்கும் ஏழெட்டு வயது வித்தியாசம். அவள் நல்ல நிறம், நல்ல உயரம், நாக்கு கத்தி. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லைனில், தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேசாமல் நகர்ந்துகொள்வார்கள்.

மைன்ஸ் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து சர்க்கார் கைக்கு மாறிய சமயம். துரைமார்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ஒரு வாலிபரை அவருடைய துரைக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை வாங்கித் தருகிறேன், வந்துவிடு என்று சொல்லியிருந்தார். அந்த ஃபிட்டர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். கோயிலில் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருவார். புறப்படுவதற்கு முன்னால் என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவருடைய அம்மாவும் போதகரும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

காபி கொண்டுவந்து வைத்த அக்கா உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"கப்பல்ல எத்தினி நாளு?" என்று நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

பெண் கேட்க வந்த இடத்தில் பெண்ணே வாயைத் திறந்தது அவருடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னார்.

"எப்பவும் மூணு வாரத்துல போயிடலாங்க. இப்ப சண்டையில சூயஸ் கால்வாயை மூடிட்டுக்கீறாங்க. ஆப்பிரிக்காவை சுத்திக்கினு போவணும். ஒரு மாசத்துக்கு மேல ஆவும்."

"திரும்பி வர்றதுக்கும் அப்டித்தானா?"

"ஆமா."

"எங்க அப்பாவோ அம்மாவோ செத்தா நான் வந்து சேர்றதுக்குள்ள சமாதி மேல புல்லு மொளச்சிடும். நான் மாட்டேன்."

அப்பா, "ஏய், உள்ள போ" என்றார். அக்கா போகவில்லை. ஐயர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். கால்வாய் எப்படியும் திறந்துவிடும், கர்த்தர் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்றார். "கர்த்தர் இருப்பாருங்க ஐயா. எங்க அம்மா இருக்காதே" என்று அக்கா சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா காபியைத் தொடாமல் எழுந்தாள். எழுந்தவள், ஒரு மாதம் தண்ணீரில் போகப் பயப்படுகிற பெண் அடுப்படியிலேயே கிடக்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். அவர் மட்டும் அப்பாவைப் பார்த்து, "சரிங்க, வர்றேன்" என்றார். அவருடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தனியாகக் கப்பலேறினார். அடுத்த வருஷம் அக்காவை மாரிகுப்பத்தில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் மைன்ஸுக்குள் பாறையில் துளை போடுகிற மிஷினில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார், சம்பளத்தன்று மட்டும் குடிப்பார். குடித்த அன்றும் அக்காவுக்குப் பயந்து பின்பக்கமாகத்தான் வீட்டுக்குள் வருவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

பிறகு அப்பா போனார். கல் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமி. அவர் போனதும் கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவும் நானும் மாரிகுப்பத்துக்குப் போய் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டோம். அவள் எங்களைச் சேர்த்துக்கொண்டாள் என்பது உண்மை. அதைத் தினமும் சொல்லிக் காட்டினாள் என்பதும் உண்மை. நான் டீச்சர் ட்ரெயினிங் முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. சோறு போடும்போது கரண்டியைச் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம் என்னைத்தான் குறிக்கிறது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், அக்காவைப் பெண் கேட்டு வந்த அந்த ஃபிட்டர் லீவில் ஊருக்கு வந்தார். கப்பலில் போனவர் விமானத்தில் திரும்பி வந்திருந்தார்.

அன்றைக்குக் கோயில் வாசலில் கூடிய கூட்டத்தை மறக்க முடியாது. ஆளாளுக்கு ஒரே கேள்விதான். எத்தனை நாள், எத்தனை மணி, நடுவில் எங்கே நிற்கும், சோறு போடுவார்களா. அவர் பொறுமையாகச் சொன்னார். லண்டனில் ஒரு நாள் சாயங்காலம் ஏறினாராம். ரோமிலும் கெய்ரோவிலும் இறக்கி ஏற்றினார்களாம். மறுநாள் வெயில் ஏறும் நேரத்துக்குப் பம்பாயில் நின்றாராம்.

"பொய்யி சொல்றாரு" என்று ஒரு கிழவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்காமல், "ஒரு நாளு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நம்ம சுரங்கத்து கேஜுல கீழ போயி, டிராலியில ஏறி, வேல எடத்துக்கு போயி, வேல செஞ்சிட்டு மேல வர்றதுக்கே அரை நாளு ஓடிடுது. அதுக்கு ரெண்டு மடங்குல லண்டனா?"

அக்கா கூட்டத்துக்கு வெளியே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் அவருடைய அம்மா மறுபடி பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். இந்தத் தடவை என்னை.

அம்மா உடனே சரி என்றாள். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. நானும் சரி என்றேன். அக்கா அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தண்ணீருக்குப் போன பிறகு சமையல்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்கு?"

"அவன் உன்னை கட்டிக்கல. எனக்கு காட்டறதுக்கு கட்டிக்கறான்."

"நீ கப்பலுக்கு மாட்டேன்னே. நான் ப்ளேனுக்கு சரின்றேன். இதுல உனக்கு இன்னா?"

"நான் வேணாம்னு தள்ளி வெச்ச தட்டுடி அது."

"தள்ளி வெச்சிட்டே இல்ல. அப்பறம் எவ எடுத்து துன்னா உனக்கு இன்னா?"

அவள் கையில் இருந்த ஈரத் துணியால் என் முகத்தில் அடித்தாள். நான் திருப்பி அடித்தேன். நாங்கள் சின்ன வயதிலும் அப்படி அடித்துக்கொண்டதில்லை. மாமா ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் பந்திக்கு எழுந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என் கல்யாணச் சோற்றை அவள் சாப்பிடவில்லை.

நான் பம்பாயில் விமானம் ஏறினேன். அதற்கு முன்னால் நான் பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. காது அடைத்துக்கொண்டது. வாந்தி வரும் என்று பயமுறுத்தியிருந்தார்கள், வரவில்லை. கெய்ரோவில் இறங்கி ஒரு கூடத்தில் உட்கார வைத்து ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். லண்டனில் இறங்கியதும் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைக்கச் சொன்னார் கணவர். ஏறின அதே தேதியில் இறங்கியிருந்தோம். வானத்தில் கழிந்த நேரத்தில் பாதியைக் காணோம். இதெல்லாம் எனக்குப் பெரிய அதிசயம். போய்ச் சேர்ந்த வாரமே அம்மாவுக்கு விலாவாரியாக எழுதினேன். ஒரே நாள்தான் அம்மா, பங்காருபேட்டைக்குப் போய் வருவது போல, நீ நினைக்கிறபோது வந்து நிற்பேன் என்று எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்காதான் படித்துக் காட்டியிருப்பாள் என்று தெரிந்தேதான் எழுதினேன். அவள் வாயாலேயே அதைப் படிக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

நினைத்தபோது வந்து நிற்க முடியவில்லை. அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. வீட்டுக்காரி படிக்கட்டில் நின்றுகொண்டு, உங்கள் சமையல் நாற்றம் என் திரைச்சீலையில் ஏறுகிறது என்பாள். என் ட்ரெயினிங் அங்கே செல்லாது என்றார்கள். ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன். என் பக்கத்தில் நிற்கும் பெண் வருஷக் கணக்கில் என் பேரைக் கேட்கவில்லை. பிள்ளை பிறந்தான். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் போகலாம் என்று கணவர் சொல்வார். அவர் அவசரப்படவே இல்லை. ஊருக்குப் போவதில் அவருக்கு இனிமேல் என்ன இருந்தது? காட்ட வேண்டியதை ஒரு தடவை காட்டியாகிவிட்டது.

அதை அவரிடமே கேட்டேன். பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குக் காட்டத்தான் என்னைக் கட்டினீங்களா?"

அவர் பிரஷ்ஷை நிறுத்தாமல், "கட்டிக்கினது உன்னைத்தானே. அது போதாதா?" என்றார்.

போதவில்லை. ஆனால் அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து நான் அக்காமேல்தான் போட்டேன். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

ஏழாவது வருஷம் மாமாவிடமிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, உடனே வரவும். நான் அன்றைக்கே போய் மறுநாள் விமானத்துக்கு இடம் பிடித்தேன். புறப்படுகிற நாளைக் குறிப்பிட்டு, விமானத்தில் வருகிறேன், காத்திருங்கள் என்று தந்தி அடித்தேன். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு ஏறினேன்.

வழி நெடுக எனக்குத் தூக்கம் இல்லை. போகும்போது அதிசயமாக இருந்த வேகம் வரும்போது ஆமை மாதிரி இருந்தது. கெய்ரோவில் இறக்கியபோது, யார் கேட்டார்கள் இந்த ஆரஞ்சுச் சாறு என்று இருந்தது. பம்பாயில் விடியற்காலையில் இறங்கினேன். அன்றைக்குப் பெங்களூர் விமானத்தில் இடம் இல்லை. அழுதேன், கெஞ்சினேன். கவுண்டரில் இருந்தவன், மறுநாள் காலை விமானத்தில் இடம் இருக்கிறது, வேண்டுமென்றால் எழுதிக்கொள்கிறேன், இல்லை என்றால் ரயிலில் போங்கள், அது இதைவிட லேட் என்றான். எழுதிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் பெங்களூரில் இறங்கி, ரயில் பிடித்து, பங்காருபேட்டையில் மாறி, மாரிகுப்பம் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். காற்றில், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுத் தூசி. ஸ்டேஷனிலிருந்து பெட்டியை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அக்கா வீட்டு வாசல் கழுவிவிட்டிருந்தது. அம்மாவின் புடவைகள் இரண்டும் போர்வையும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாவு எடுத்த பிறகுதான் வாசல், புடவை, போர்வை எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவிப் போடுவார்கள்.

அக்கா வாசலில் நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"நேத்து சாயந்தரம் எடுத்துட்டோம்" என்றாள்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். எதிர் வீட்டு அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அக்கா உள்ளே போய்விட்டாள்.

முந்தின நாள் விடியற்காலை அம்மா இறந்திருந்தாள். நான் அப்போது பம்பாயில் இருந்தேன். சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வரை வைத்திருந்தால் நான் பார்த்திருப்பேன். ஏன் வைக்கவில்லை என்று யாரையும் கேட்க அப்போது தெம்பில்லை. எதிர் வீட்டு அம்மாதான், எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, தானாகச் சொன்னாள்.

"நாங்கல்லாம் வெக்கலாம்னுதான் சொன்னோம்மா. பங்காருபேட்டையில ஐஸ் வாங்கியாரலாம்னு உங்க மாமா சட்டை கூட போட்டுக்கினாரு. ஐயர் உங்க அக்காவை கேட்டாரு, எத்தினி நாள்ல வருவாங்கன்னு. இன்னும் அஞ்சு நாளு ஆவும்னுச்சு. ப்ளேனு அங்கங்க நின்னு நின்னுதான் வரும்னுச்சு. அஞ்சு நாளு எப்டிம்மா வெக்கிறது?"

"மாமா ஒண்ணும் சொல்லலியா?"

"அன்னிக்கு ஒரு நாளுன்னு சொன்னாங்களேன்னு கேட்டாரு. அது அப்போன்னு உங்க அக்கா வாயை அடச்சிடுச்சு."

நான் எழுந்து அக்கா வீட்டுக்குள் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதே நேரத்துக்கு, என்னைப் பார்த்து ஆறுதல் சொல்ல வந்த ஐயரும் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் ஊருக்குப் புதிது. பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் இருக்கட்டும் என்றே நான் கேட்டேன்.

"நான் வர அஞ்சு நாள் ஆவும்னு நீ சொன்னியா?"

முறம் நிற்கவில்லை. "சொன்னேன்."

"ஒரு நாளுதான்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

ஐயர், "இன்னாம்மா இது" என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீதான எழுதினே. நான்தான படிச்சேன். ஒரு தடவையா படிச்சேன்? கெழவி தெனம் எடுத்துக்கினு வந்து நீட்டும். 'ஒரே நாளுதாம்மா, பங்காருபேட்டைக்கு போய் வர்ற மாதிரி.' எனக்கு மனப்பாடமாப் போச்சு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்கு முன்ன எழுந்து குளிச்சிட்டு வாசல்ல நிக்கும். யாருக்கு நிக்கறேன்னு கேட்டா, சும்மா காத்து வாங்கன்னும். ஏழு வருசம் நின்னுச்சு. ஒரு மாசம் தண்ணியில போற ஊருன்னா வரலியேன்னு கெழவி மனச தேத்திக்கும். ஒரு நாள்ல வர்றவ ஏன் வரலன்னு எங்கிட்ட கேக்கும். நான் இன்னா சொல்றது? பீ மூத்திரம் அள்ளனது நானு. ஐயரு எத்தினி நாளு ஆவும்னு கேட்டாரு. ஏழு வருசம்னு சொல்லியிருக்கணும். அஞ்சு நாளுன்னு கொறச்சிதான் சொன்னேன்."

அதைக் கேட்டு நான் தலைகுனிந்திருப்பேன் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். நான் குனியவில்லை. அவள் சொன்னதில் எது உண்மையோ அது என்னைக் குத்தியது. ஆனால் உண்மையைச் சொல்ல அவளுக்கு வேறு ஆயிரம் வழி இருந்தது. அம்மாவின் முகத்தை என்னிடமிருந்து மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"நீ அம்மாவுக்காக இதை செய்யல," என்றேன். "அவரை வேணாம்னு சொல்லிட்டு அப்பறம் உனக்கு வயிறு எரிஞ்சுது. அதுக்குத்தான் செஞ்சே."

மாமா கட்டிலிலிருந்து எழுந்தார். அப்படி ஒன்றை நான் அவர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எழுந்து போ" என்றாள். "எம் புருசன் வூட்ல நின்னுக்கினு என்னை கேக்கறியா. போ வெளிய."

"போதும், உட்டுடுங்க" என்று மாமா மெதுவாகச் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் என் பெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தார். எதிர் வீட்டு வாசலில் அதை வைத்துவிட்டு, "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இருந்த நாள் பூராவும் நான் எதிர் வீட்டில் இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு முருங்கை மரமும்தான். காலையில் அவள் வாசல் பெருக்கும்போது நான் எதிர் வாசலில் நிற்பேன். குப்பையை என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போவாள். பிள்ளைகள் சின்னம்மா என்று ஓடி வந்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக்கொள்வாள். ஐயர் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஜெபம் பண்ணப் பார்த்தார். நான் போய் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் ஜெபமும் அன்றைக்கு நல்ல ஜெபம் இல்லை.

புறப்படுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். கல்லறைக் கல் வெட்டுகிறவரைப் பிடித்து, அம்மாவுக்கு நல்ல கறுப்புக் கல்லாக ஒன்று வைக்க ஏற்பாடு செய்தேன். அம்மாவின் பேர், அதற்குக் கீழே ஒரு வசனம், அதற்குக் கீழே 'இளைய மகள் வைத்த கல்' என்று வெட்டச் சொன்னேன். "பெரியவங்க பேரு?" என்று கல்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். கல் நிறுத்திய அன்று எதிர் வீட்டு அம்மாவும் மாமாவும் வந்தார்கள். மாமா அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். துண்டால் கல்லைத் துடைத்துவிட்டுப் போனார்.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அக்காவிடம் சொன்ன கடைசி வார்த்தையையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "அவங்களை அப்படி சொல்லியிருக்க வேணாம்" என்றார். அவங்களை என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அக்காவைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

எழுபதுகளின் பாதியில் மறுபடி ஊருக்குப் போனேன். என் மகனுக்கு அப்போது பத்து வயதுக்குக் கிட்ட. நேராகக் கல்லறைக்குப் போனோம். கல் நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றது. மழைக்கும் தூசிக்கும் பளபளப்பு குறைந்திருந்தது. என்னுடைய வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. என் வரியை வெட்டியவர் கைதேர்ந்தவர். இது யாரோ கற்றுக்குட்டி வெட்டியது, எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. 'பார்த்துக்கொண்டவள் மூத்த மகள்' என்று போட்டிருந்தது.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கையில் உளி இருந்திருந்தால் அங்கேயே செதுக்கி எறிந்திருப்பேன். என் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

"பாட்டி பேர் எழுதியிருக்கு," என்றேன்.

"அதுக்குக் கீழே?"

"அது உன் பெரியம்மா எழுதினது."

பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான். அவன் ஒருவனுக்காகத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவைப் போலவே இருமிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. என் மகனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். அவன் அவனுடைய அப்பாவை உரித்து வைத்தவன். அவள் பார்த்துக்கொண்டே நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

"துன்றியா?" என்று அவனைக் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

அன்றைக்கு அவள் வீட்டில் ஆட்டுக்கறி. அவனுக்குத் தட்டு வைத்துப் போட்டாள், மறுபடி போட்டாள், எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். காரம் தாங்காமல் அவன் மூக்கை உறிஞ்சியபோது கொஞ்சம் தயிர் ஊற்றினாள். ஒன்றும் பேசவில்லை. பிறகு இன்னொரு தட்டை எடுத்து, அதிலும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, என் பக்கமாகத் தரையில் தள்ளி வைத்தாள். கரண்டியைச் சட்டியில் தட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

எனக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் தட்டைத் தொடவில்லை.

மாமா கட்டிலிலிருந்து, "சாப்புடும்மா" என்றார். நான் அப்போதும் தொடவில்லை. மகன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அக்கா என் தட்டை எடுத்தாள். சோற்றை அப்படியே சட்டியில் திருப்பிக் கொட்டி மூடினாள். நான் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும், பெரியம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று மகன் கேட்டான். உன்மேல் இல்லை என்றேன்.